சொகுசா, வேகமா: காற்றடைத்த சக்கரத்தின் கதை

மிதிவண்டியில் வேகம் வேண்டுமானால் உடம்பின் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். மெலிந்த டயரும் கூனிய முதுகும் பந்தயத்துக்கு. தடித்த டயரும் நிமிர்ந்த முதுகும் ஊர்வழிப் பயணத்துக்கு என்று பிரித்து வைத்துவிட்டோம். வரலாறு அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை.

1885இல் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி வந்தபோது விழும் அச்சம் குறைந்தது, குலுக்கல் கூடிற்று. பழைய வண்டியின் உயர்ந்த சக்கரம் தாண்டிச் சென்ற பள்ளங்களில் இதன் சிறு சக்கரங்கள் இறங்கி ஏறின. டயரோ கெட்டி ரப்பர். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் காப்புரிமை பெற்றார். (இதே யோசனைக்கு 1845இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை வாங்கியிருந்தார், உலகம் மறந்துவிட்டது.) மறு ஆண்டே அந்த டயரோடு வில்லி ஹியூம் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வென்றார். காரணம் எளிது. ஒவ்வொரு குலுக்கலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அதற்குச் செலவாவது மிதிப்பவனின் உழைப்பு. காற்று அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பின், ஹெர்குலிஸ் நம் பக்கத்தில் வீட்டுப் பெயராயிற்று. அந்தக் கறுப்பு வண்டியின் 28க்கு ஒன்றரை அங்குல டயர் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அகலம். முன் கவை சாய்ந்திருக்கும். தோல் இருக்கைக்கு அடியில் சுருள்வில். வெண்ணாற்றங்கரையிலும் வாய்க்கால் கரைகளிலும் கோடையில் மாட்டு வண்டித் தடங்கள் கல்லாக இறுகிக் கிடக்கும். கேரியரில் நெல் மூட்டையோடு அங்கே போகிறவனுக்கு இவை ஆடம்பரமல்ல. சமவெளியாதலால் கியரும் தேவைப்படவில்லை. அண்டையிலுள்ள புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் திரளாக மிதிவண்டி கற்றார்கள். ஆண்கள் வண்டியின் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்கள் உண்டு என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பந்தயக்காரனின் கணக்கில் வராத பயன் அது.

ஐரோப்பியச் சாலைப் பந்தயங்களில் நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயரே வழக்கம். பிறகு 25 வந்தது. இன்று 28, 30 சாதாரணம். சற்றே அகன்ற டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் கரடான சாலையில் வேகம் குறைவதில்லை, பலவேளை கூடுகிறது என்று கண்டுகொண்டார்கள். டன்லப்பின் மகன் அறிந்திருந்த செய்திதான்.

ஆனால் காற்றை எதிர்க்கும் வித்தையில் பந்தய வண்டியே கெட்டிக்காரன், இதை மறுப்பதற்கில்லை. ஆடி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகையில் மேல்காற்று முதுகைத் தள்ளும். திரும்பும் நாற்பது கிலோமீட்டரில் அதே காற்று நிமிர்ந்த மார்பில் மோதும். அப்போது நம்மவர்கள் கைப்பிடியின் நடுவில் கைகளைக் குறுக்கி வைத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு மிதிப்பார்கள்.