விலகலா, பகையா? ஓர் ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

வெறுப்பைக் குறிக்கும் ‘அவெர்ஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடைக்குப் பின் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் வருவதே இன்றைய வழக்கு. ஒருகாலத்தில் இதுவே பிழை எனப்பட்டது.

1755-இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் ‘ஃப்ரம்’ என்பதே மிகப் பொருத்தம் என்றார்; ‘டு’ பெருவழக்காயிருப்பதை ஒப்புக்கொண்டும் அதனை முறையற்றது என்றார். ‘ஃப்ரம்’ தரப்பின் வாதம் வேர்ச்சொல்லைச் சார்ந்தது: இலத்தீன் மூலத்தின் பொருள் ‘அப்பால் திரும்பிய’ என்பது; திரும்புதல் ஒன்றிலிருந்துதானே நிகழும்?

1926-இல் ஃபவ்லர் தம் ஆங்கில வழக்கு நூலில் இவ்வாதத்தை அரைகுறை அறிவின் புலமைச் செருக்கு எனச் சாடினார். ‘டிஃபரென்ட்’ என்பதற்குப் பின் ‘ஃப்ரம்’ மட்டுமே வரலாம் என்பதையும் மூடநம்பிக்கை என்றார்.

இதனை நன்னூல் கொண்டும் விளங்கிக்கொள்ளலாம். ‘எலிக்குப் பகை பூனை’ என்பதில் பகைப்பொருள். அது நான்காம் வேற்றுமைக்கு உரியது. ‘ஊரின் நீங்கினான்’ என்பதில் நீங்கற்பொருள். அது ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது. ‘அவெர்ஸ்’ வேரில் நீங்கலைச் சுட்டினாலும் வழக்கில் பகையைச் சுட்டுகிறது. முன்னிடைச்சொல் வேரைத் துறந்து, வாழும் பொருளைப் பின்பற்றியது.

‘டிஃபரென்ட் டு’ பிரித்தானிய ஆங்கிலத்தில் இயல்பான வழக்கு. ஆயினும் அவ்வாறு எழுதும் மாணவர் நம் வகுப்பறைகளில் இன்றும் மதிப்பெண் இழக்கக்கூடும். விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்குமுன் ஒன்று கேட்டுக்கொள்வோம்: நாம் திருத்துவது மொழியின் பிழையையா, அல்லது என்றோ ஒருவர் வழங்கிய தீர்ப்பை மீண்டும் நிறைவேற்றுகிறோமா?