சென்னைக்குக் கப்பலில் வரும் கச்சா எண்ணெய்: ஒரு பொருளாதார வரலாறு

முன்னுரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையில் ஒரு வண்டிக்கு டீசல் போடும்போது நாம் பார்ப்பது லிட்டர் விலையை மட்டுமே. அந்த விலைக்குள் ஒரு நீண்ட கடல் பயணத்தின் கூலியும் அடங்கியிருக்கிறது. அந்தக் கூலி எவ்வாறு அமைகிறது, சென்னையின் வரலாற்றோடு அது எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தகர டின்னிலிருந்து டேங்கருக்கு

19ஆம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் தகர டின்களில் அடைக்கப்பட்டு, மரப்பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றப்பட்டது. டின்னும் பெட்டியும் இடத்தை அடைத்துக்கொண்டன. ஏற்றி இறக்கும் கூலியும் அதிகம். 1892இல் 'மியூரெக்ஸ்' என்ற கப்பல், தொட்டிகளில் நேரடியாக எண்ணெய் நிரப்பிச் சூயஸ் கால்வாயைக் கடந்தது. அதன்பின் ஆசியத் துறைமுகங்களில் பெரிய சேமிப்புத் தொட்டிகள் எழுந்தன.

சென்னையிலும் பர்மா ஆயில் நிறுவனத்தின் தொட்டிகள் இருந்தன. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசி எரித்தது இவற்றைத்தான். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் நாம் சொல்வது அந்த இரவின் எச்சம்.

மணலி ஆலை

1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறன் கொண்ட ஆலை 27 மாதங்களில், 43 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு 1969இல் இயங்கத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில் உள்ள இதன் மணலி ஆலையின் திறன் 1.05 கோடி டன். 10 லட்சம் பீப்பாய் ஏற்றும் கப்பல்களில் மட்டுமே அவ்வளவு எண்ணெயும் வருவதாகக் கொண்டால், ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒரு கப்பல் வர வேண்டும்.

பெரிய கப்பல் ஏன் மலிவு?

இது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். கப்பலுக்கான இரும்பு, பெருமளவு மேற்பரப்பைப் பொறுத்தது. மாலுமிகளின் எண்ணிக்கையோ அதிகம் கூடுவதில்லை.

20 லட்சம் பீப்பாய் ஏற்றும் கப்பலின் பயணச் செலவு 20 கோடி ரூபாய் என்றும், 10 லட்சம் பீப்பாய் கப்பலுக்கு 14 கோடி என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். பெரிய கப்பலில் லிட்டருக்கு 63 காசு. சிறியதில் 88 காசு. வித்தியாசம் கால் ரூபாய்தான். ஆனால் ஒரு கோடி டன்னுக்கு அதுவே ஏறத்தாழ 290 கோடி ரூபாய்!

கப்பல் திரும்பும்போது கச்சா எண்ணெய் கொண்டுசெல்வதில்லை. சமநிலைக்காகக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போகிறது. ஆகவே ஒருவழிச் சரக்கின் வாடகையே இருவழிச் செலவையும் ஈடுகட்ட வேண்டும்.

ஆழமே எல்லை

20 லட்சம் பீப்பாய் ஏற்றிய கப்பல் நீருக்கடியில் 20 மீட்டருக்கு மேல் அமிழும். சென்னைத் துறைமுகத்தின் பாரதி துறையில் அதற்கு ஆழம் போதாது. நடுத்தரமான சூயஸ்மேக்ஸ் வகைக் கப்பல்களே இங்கு வருகின்றன. கொச்சியில் 2007இல் கடலுக்குள்ளேயே மிதவை அமைத்து, குழாய் வழியாக இறக்கும் வசதி செய்யப்பட்டது. அதனால் அங்கே பெரிய கப்பல்கள் வரலாம்.

மேலும், பாரசீக வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் கப்பல் இலங்கையைச் சுற்றியே வர வேண்டும். 2005இல் பணி தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் நிறைவேறியிருந்தாலும் இக்கப்பல்களுக்குப் பயன்பட்டிருக்காது. திட்டமிட்ட ஆழமே 12 மீட்டர்தான்.

வாடகை ஏன் ஏறி இறங்குகிறது?

கப்பல் கட்ட ஆண்டுகள் ஆகும்; எண்ணெய்த் தேவையோ தள்ளிப்போட முடியாதது. எனவே கப்பல் சற்றுக் குறைந்தாலும் வாடகை மளமளவென ஏறும். சற்று மிஞ்சினாலும் சரியும். 1967இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, ஐரோப்பாவுக்கான எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. வாடகை ஏறியது, இராட்சதக் கப்பல்கள் ஏராளமாகக் கட்டப்பட்டன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து தேவை குறைந்ததும், அவற்றில் பல வேலையின்றி நங்கூரமிட்டு நின்றன.

விலையில் சேராத செலவு

1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்துக் கரையருகே பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. அதன் விளைவாக, கப்பல் உரிமையாளரின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1969இல் உருவானது.

நம் கரையில் அந்தப் பாடம் 2017 ஜனவரி 28 அன்று வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிந்தது கச்சா எண்ணெய் அல்ல, கப்பலின் சொந்த எரிபொருள். ஆயினும் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அந்தக் கரும்பிசினை அள்ள நேர்ந்தது. மீன் வாங்க மக்கள் தயங்கினர். வலை வீசாத நாட்களுக்குக் கூலி இல்லை.

முடிவுரை

கப்பல் பெரிதாகப் பெரிதாக லிட்டருக்கான கூலி குறைகிறது. விபத்து நேர்ந்தால் வரும் இழப்போ பெரிதாகிறது. மிச்சமாகும் காசு எண்ணெய் வாங்குவோர் அனைவருக்கும் சிறிது சிறிதாகப் பிரிகிறது. இழப்போ ஒரு சில குப்பங்களின் தலையில் மொத்தமாக விழுகிறது. காப்பீடும் இழப்பீட்டுச் சட்டமும் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே உள்ளன. அந்தத் தொகை உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான், கப்பல் வாடகைக் கணக்கு முழுமையான கணக்காகும்.