ஈதர்நெற் இயக்கிகள்: நியமமும் தனியுடைமையும்

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்தம் பெயர்ப்பட்டியலாகக் காண்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கமாகும். ஈதர்நெற் வலையமைப்பின் வரலாறும், 1973இல் செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் மெற்காவ், பொக்ஸ் ஆகியோருடன் தொடங்கி, 1983இல் ஏற்கப்பட்ட 802.3 நியமத்துடன் நிறைவுற்றதாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது.

ஆயின் நியமம் பொதுவாயிருப்பினும் சில்லு தனியுடைமையே என்பது மனங்கொள்ளத்தக்கது. வடத்தில் செல்லும் சமிக்ஞையையும் தரவுச் சட்டகத்தையுமே நியமம் வரையறுக்கின்றது. சில்லின் பதிவகங்களுக்குக் கணினி எவ்வாறு கட்டளையிடுவது என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கின்றனர். இவ்விடைவெளியை நிரப்பும் மென்பொருளே இயக்கி. எனவே, சில்லின் விவரங்கள் மறைக்கப்படுமிடத்து, நியமம் இருந்தும் கணினி ஊமையாகிவிடுகின்றது.

என்விடியா நிறுவனம் தனது என்போர்ஸ் சில்லுத் தொகுதியின் ஈதர்நெற் பகுதிக்குரிய விவரங்களை வெளியிடாது, முழு மூலநிரலற்ற இயக்கியையே லினக்ஸ் பயனாளருக்கு வழங்கிற்று. நிரலாளர் சிலர் அதன் இயக்கத்தைப் பகுத்தாராய்ந்து, 2003இல் ‘போர்ஸ்டெத்’ என்னும் திறந்த இயக்கியை ஆக்கினர். பின்னர் அந்நிறுவனத்தாரே அதற்குப் பங்களிக்கலாயினர்.

இதனைக் கூட்டுழைப்பின் முழுவெற்றி எனக் கொள்ளுதல் பொருந்தாது. நிறுவனம் ஊதியங் கொடாத உழைப்பு, அதன் சரக்கின் பயன்மதிப்பையும் உயர்த்திற்று. அறிவு பொதுவாயிற்று, இலாபமோ தனியாகவே நின்றது. முரண்பாடு தீர்ந்திலது, அதன் வடிவமே மாறிற்று.