பூங்கா மேடானது எப்படி?

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க்குக்குக் கூட்டிப்போவேன். செயின்ட் பால் பேராலயத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். உள்ளே போனதும் எல்லோரும் புகழ்பெற்ற நினைவுச் சுவரைப் படமெடுக்க ஓடுவார்கள். நான் முதலில் காட்டுவது தரையை. சுற்றியுள்ள தெருக்களைவிட அது உயர்ந்திருக்கிறது.

இது செயின்ட் பொட்டால்ஃப் ஆல்டர்ஸ்கேட் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். நகருக்குள் புதைக்க இடம் போதாமல், சடலங்களைத் தரைமேலேயே கிடத்தி மண்போட்டு மூடியிருக்கிறார்கள். அப்படி அடுக்கடுக்காய் ஏறிய மேடு இது. 1848-49 காலராவில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, 1850களில் சட்டம் போட்டு நகருக்குள் புதைப்பதை நிறுத்தியது. பூட்டிக் கிடந்த நிலம் 1880இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பக்கத்து இடுகாடுகளும் பிறகு சேர்ந்தன. கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். அப்போது எதிரே தலைமைத் தபால் அலுவலகம் இருந்தது. மதியம் தபால்காரர்கள் இங்கே வந்து சாப்பிட்டதால் அவர்கள் பெயரே நிலைத்தது.

நகரின் நடுவில் இருக்கும் நிலத்தை யார் சும்மா விடுவார்கள்? 1890களில் ஒரு பகுதியைக் கட்டடம் கட்ட விற்கும் பேச்சு எழுந்தது. மீட்க 12,000 பவுண்டு தேவைப்பட்டது. அந்த நேரத்தில்தான் ஓவியர் ஜி.எஃப். வாட்ஸின் திட்டத்துக்கு இங்கே இடம் கிடைத்தது. பிறரைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட சாமானியர்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று 1887இலேயே அவர் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதியிருந்தார். மகாராணியின் பொன்விழாவுக்கு அதுவே பொருத்தம் என்பது அவர் வாதம், யாரும் கண்டுகொள்ளவில்லை. பூங்காவுக்கும் ஒரு பெருமை தேவைப்பட்டதால் காரியம் நடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1900இல் அந்த நினைவுச் சுவரைத் திறந்தபோது அதில் இருந்தவை, அப்படி உயிர்விட்டவர்களைப் பற்றிய நாலே பலகைகள். ஆலிஸ் ஏர்ஸின் பலகை பிறகு வந்தது. அக்கா வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள். கீழே எண்ணெய்க்கடை. 1885இல் கடை தீப்பிடித்தபோது மாடி ஜன்னல் வழியே மெத்தையை வீசி, மூன்று குழந்தைகளை அதன்மேல் போட்டாள். கடைசியாகத் தான் குதித்ததில் அடிபட்டு இறந்தாள். இருபத்தைந்து வயது.

120 பலகைகளுக்கு இடம் விட்டிருந்தார் வாட்ஸ். அவர் 1904இல் இறந்தார். மனைவி மேரி கொஞ்சகாலம் தொடர்ந்தார், பிறகு வேகம் குறைந்தது. இன்றைக்கு 54 இருக்கின்றன. மிச்ச இடம் வெறும் சுவர்.