நாக்கு மரத்தது, மருந்து பிறந்தது

தொண்டை வலிக்கிறது. மருந்துக் கடையில் ஒரு மாத்திரையைக் கொடுத்து, "விழுங்காதீர்கள், சப்புங்கள்" என்கிறார்கள். சில வகை மாத்திரைகளைச் சப்பினால் சற்று நேரத்தில் நாக்கும் தொண்டையும் மரத்து, வலி குறைகிறது. இந்த மரமரப்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அதன் வரலாறு ஓர் இலையில் தொடங்குகிறது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் கோக்கா என்னும் செடி வளர்கிறது. நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல, அங்குள்ள மக்கள் கோக்கா இலையுடன் சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்து மெல்லுவது பழங்கால வழக்கம். மென்றால் பசியும் களைப்பும் தெரியாது.

'நோவாரா' என்ற ஆஸ்திரியக் கப்பல் 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றி வந்தது. அப்பயணத்தில் சென்ற கார்ல் ஷெர்ட்சர் கொண்டுவந்த கோக்கா இலைகள், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியர் வோலரிடம் சேர்ந்தன. அவருடைய மாணவர் ஆல்பர்ட் நீமான் இலையிலிருந்து தூய படிகங்களைப் பிரித்தெடுத்து, கொக்கேயின் என்று பெயரிட்டார். அது நாக்கை மரக்கச் செய்கிறது என்பதையும் 1860இல் வெளியிட்ட ஆய்வேட்டில் குறித்துவைத்தார். அக்குறிப்பு பயன்பட்டதைக் காண அவர் இல்லை. 1861இல் 26 வயதிலேயே காலமானார்.

1884இல் வியன்னாவின் கார்ல் கோலர் என்ற மருத்துவர், கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டால் வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். செய்தி விரைவில் பரவியது. தொண்டை மருத்துவர்களும் அதைக் கையாண்டனர். அமெரிக்காவில் கொக்கேயின் கலந்த தொண்டை மாத்திரைகளும் பல்வலிச் சொட்டு மருந்தும் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன. வலி போயிற்று, ஆனால் கொக்கேயினின் போதைக்குப் பலர் அடிமையாயினர். 1914இல் அந்நாடு சட்டம் இயற்றி அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது.

மரமரப்பை வைத்துக்கொண்டு போதையை விலக்க முடியுமா? கொக்கேயின் மூலக்கூறில் பென்சாயிக் அமிலத்தின் எஸ்டர் இருக்கிறது. அவ்வமிலத்தின் நெருங்கிய உறவான மற்றோர் அமிலத்தின் எஸ்டரை, ஜெர்மானியரான எடுவார்ட் ரிட்சர்ட் 1890இல் உருவாக்கினார். அதுவே பென்சோக்கேயின். அது மரக்கச் செய்யும், போதை தராது.

அதில் ஒரு குறை உண்டு. நீரில் அது மிகச் சிறிதளவே கரையும். ஆகவே ஊசி மருந்துக்கு ஏற்றதன்று. சப்பும் மாத்திரைக்கோ அக்குறையே நிறைவாயிற்று! உமிழ்நீரில் மெல்லக் கரைந்து, பட்ட இடத்திலேயே தங்கி வேலை செய்கிறது. எப்படி? நரம்பிழைக்குள் சோடியம் அயனிகள் புகுந்தால்தான் வலிச் செய்தி நகரும். அந்த வாயிலை மருந்து அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்கு எட்டுவதில்லை.

வலியின் காரணம் நீங்கிவிடவில்லை, செய்திதான் தடைபட்டது என்பதை மறவாதீர்கள். அரிதாக, இம்மருந்து இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குறைத்துவிடும். எனவே குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். வலி சில நாட்களில் தீராவிட்டால், அடுத்த மாத்திரையைத் தேடாமல் டாக்டரிடம் தொண்டையைக் காட்டுங்கள்.