சந்தைத் திடல்கள் – 14: பன்னிரண்டு மணிக்கு வலம் வரும் ஏழு பேர்

போன வாரம் 1945 ஜனவரி 2-ம் தேதி மாலையில் நிறுத்தியிருந்தேன். குண்டுவீச்சு விமானங்கள் நியூரம்பெர்க்கை நெருங்கிக்கொண்டிருந்தன. இந்த வாரம் அந்த இரவைத்தான் எழுத வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தால், ஹவுப்ட்மார்க்ட் திடலின் கிழக்கோரத்தில் நிற்கும் மாதா கோயிலை விட்டு மனம் நகர மறுக்கிறது. அந்தக் கோயில் அங்கே எப்படி வந்தது என்று சொல்லாமல் அது எரிந்த கதையைச் சொல்வது முறையாகாது.

காலையில் இந்தத் திடல் காய்கறிச் சந்தை. நகரத்துக்கு வடக்கே 'பூண்டு நாடு' என்றே பெயர் வாங்கிய வயல்வெளி இருக்கிறது. முள்ளங்கியும் கீரையும் வெங்காயத்தாளும் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஏப்ரலில் வெள்ளை ஸ்பார்கெல் (அஸ்பாரகஸ்) தண்டு வந்துவிட்டால் ஊரே அதன் பின்னால்தான். ஜூன் 24-ம் தேதியோடு அதன் பருவம் முடிந்துவிடும். விரல் நீளமே உள்ள சாசேஜ் மூன்றை, ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்துத் தருவார்கள். அதைக் கடித்துக்கொண்டே ஜனங்கள் அண்ணாந்து மணி பார்ப்பார்கள். பன்னிரண்டு ஆகப்போகிறது.

கோயில் முகப்பில் உயரத்தில் இருக்கும் அந்த இயந்திரக் கடிகாரம் 1506-ல் தொடங்கி 1509-ல் முடித்த வேலை. மேலே பாதி பொன்னும் பாதி நீலமுமாக ஒரு பந்து, பிறை வளர்வதையும் தேய்வதையும் காட்டும். மணி அடித்ததும் எக்காளக்காரர்கள் எக்காளத்தைத் தூக்குவார்கள். பக்கவாட்டுக் கதவு திறக்கும். நடுவில் சிங்காதனத்தில் வீற்றிருக்கும் பேரரசரை ஏழு செப்புப் பொம்மைகள் வலம் வரும். மூன்று சுற்று. கதவு மூடிக்கொள்ளும்.

வீற்றிருப்பவர் நான்காம் சார்லஸ். சுற்றுபவர்கள் மாயின்ஸ், கொலோன், டிரியர் பேராயர்கள் மூவர், பொஹீமிய மன்னர், பாலட்டினேட் பிரபு, சாக்ஸனி கோமகன், பிராண்டன்பர்க் எல்லைக்காவல் பிரபு. அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த ஏழு பேருக்கே என்று உறுதியாக எழுதிவைத்த பொன் முத்திரைச் சாசனம், 1356 ஜனவரி 10-ம் தேதி இதே ஊரில்தான் அறிவிக்கப்பட்டது. பிராண்டன்பர்க் பொம்மையை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சார்லஸ் நெடுநாளாக என்னைப் பிடித்துவைத்திருக்கும் மனிதர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வென்ஸெஸ்லாஸ். ஏழு வயதில் பிரெஞ்சு அரண்மனைக்கு வளரப் போனவர் அங்கே சார்லஸ் ஆனார். லத்தீன், செக், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் என ஐந்து மொழிகள் அவருக்குக் கைவந்தன. தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்த அபூர்வமான இடைக்கால அரசர். 1346-ல் கிரெஸி போர்க்களத்தில், கண் பார்வை போன தந்தை ஜான், தன்னைச் சண்டை நடுவே அழைத்துப் போகச் சொல்லி அங்கேயே மாண்டார். மகன் அதே களத்திலிருந்து உயிரோடு வெளியேறினார். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். தந்தைக்கு வாள்தான் வாழ்க்கை, மகனுக்குப் பேரம். 1348-ல் பிராக் பல்கலைக்கழகம், 1357-ல் வல்டாவா ஆற்றுக்குக் கல் பாலம் என்று அவர் கட்டியவற்றை நினைத்து, செக் மக்கள் இன்றும் அவரைத் தேசத்தின் தந்தை என்கிறார்கள். பிராகுக்கு அவர் தந்தைதான். நியூரம்பெர்க்கில், அதுவும் இந்தத் திடலில், நான் அவரை அப்படி அழைக்க மாட்டேன்.

1349-ல் இங்கே திடலே கிடையாது. பெக்னிட்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பில் யூதர்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். முதலில் அது யாரும் விரும்பாத தாழ்வான நிலம். ஆற்றின் இரு கரையிலும் ஊர் வளர்ந்து ஒன்றானதும் அதுவே நகரத்தின் நடு மையமாகிவிட்டது. 1298-ல் ரிண்ட்ஃப்ளைஷ் கும்பல் நடத்திய படுகொலையில் மொர்தெகாய் பென் ஹில்லல் என்ற பேரறிஞரை மனைவி மக்களோடு இங்கேதான் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் மறுபடி எழுந்து அரை நூற்றாண்டு வாழ்ந்தார்கள். சட்டப்படி அவர்கள் அரச கருவூலத்தின் ஊழியர்கள். வரி அரசருக்கு, பாதுகாப்பு அரசரின் பொறுப்பு.

அரச பதவிக்குப் போட்டியிட்ட விட்டல்ஸ்பாக் குடும்பத்தோடு சார்லஸுக்கு இருந்த பகையை முன்பே பார்த்திருக்கிறோம். 1348 ஜூனில் கைவினைஞர்கள் கிளர்ந்து நகர சபையைப் பிடித்து விட்டல்ஸ்பாக் பக்கம் சாய்ந்தார்கள். மறு ஆண்டு சார்லஸ் ஊரை மீட்டு, பழைய வணிகக் குடும்பங்களிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய சந்தை இடம் வேண்டும். பகையை முடிக்க விட்டல்ஸ்பாக்குக்கும் ஏதாவது தர வேண்டும்.

1349 ஜூனில், பிராண்டன்பர்க் பிரபுவான விட்டல்ஸ்பாக் லூட்விக்குக்கு சார்லஸ் ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார். நியூரம்பெர்க் யூதர்கள் அடுத்து எப்போது கொல்லப்படுகிறார்களோ, அப்போது அவர்களுடைய வீடுகளில் சிறந்த மூன்றை லூட்விக் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வீட்டில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது, அவர்களைக் காக்க வேண்டிய அரசர் அந்த வீட்டை இன்னொருவருக்கு எழுதிவைக்கிறார்! இதைப் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் சபையின் சார்பில் உல்ரிக் ஸ்ட்ரோமர் அரசரிடம் போனார். நவம்பர் 16-ம் தேதி சந்தைப் பத்திரம் கையெழுத்தானது. ஜனங்கள் நெரிசல் இல்லாமல் வாங்கி விற்க ஊரில் பெரிய இடம் இல்லை. ஆகவே யூதர்களின் வீடுகளையும் தொழுகைக் கூடத்தையும் இடித்து இரண்டு திடல் அமைக்கலாம். அவற்றில் இனி வீடு கட்டக் கூடாது. தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்ப வேண்டும். ஸ்ட்ரோமருக்கும் ஒரு வீடு கிடைத்தது.

டிசம்பர் 5, புனித நிக்கலஸ் திருநாளுக்கு முந்தைய நாள். குறைந்தது 562 பேர் கொல்லப்பட்டார்கள்.

வெறிபிடித்த கூட்டம் செய்தது என்று இதைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. கூட்டத்துக்கு முன்பே பத்திரம் இருந்தது. பத்திரத்தில் அரச முத்திரை இருந்தது. அதனால் என் கணக்கில் முதல் குற்றவாளி சார்லஸ், இரண்டாவது ஸ்ட்ரோமர். பிராகில் தன் யூதர்களைக் காக்கத் தெரிந்தவருக்கு இங்கே தெரியாமல் போனது என்று எப்படி நம்புவது?

பிறகு எல்லாம் செழித்தது. 1350களிலேயே மாதா கோயில் எழுந்துவிட்டது. 1396-க்குள் பத்தொன்பது மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் போல் 'அழகிய நீரூற்று' வந்தது. 1424 முதல் நூறாண்டு காலம், பேரரசின் மணிமுடியையும் புனிதச் சின்னங்களையும் ஆண்டுக்கொரு முறை இத்திடலில்தான் காட்டினார்கள். 1505-ல் மலபார் மிளகுக்காகப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களில் பணம் போட்ட இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பத்தார் இந்த ஊர் வணிகர்களே. 1499-ல் எஞ்சிய யூதர்களையும் ஊர் வெளியேற்றியது. மறுபடி ஒரு யூதர் குடியுரிமை பெற 1850 வரை ஆயிற்று. 1933-ல் திடலுக்கே ஹிட்லர் பெயர் சூட்டினார்கள்.

விமானங்கள் இன்னும் வானத்தில்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் கட்டாயம் இறக்கிவிடுகிறேன். அந்தத் தீயில் கோயிலின் முகப்பும் சுவர்களுமே மிஞ்சின, கான்கிரீட் உறை போட்டிருந்ததால் நீரூற்று தப்பியது என்பதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் சந்தையை அந்தக் கோயில் மாடத்திலிருந்து ஓர் இளம்பெண் பொன்முடி சூடி நின்று திறந்துவைப்பது இன்றைய வழக்கம். 2019-ல் அதற்குத் தேர்வான 17 வயதுப் பெண்ணின் தந்தை இந்தியாவில் பிறந்தவர். அதைச் சுட்டி ஓர் அரசியல் கட்சியின் மாவட்டக் கிளை முகநூலில் இழிவாகப் பதிவிட்டது. ஊர் அவள் பக்கம் நின்றது. அந்தக் குளிர்கால மாலையில் அவள்தான் மாடத்தில் நின்றாள்.

நியூரம்பெர்க்குக்கும் எர்லாங்கனுக்கும் படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டு மணி பொம்மைகளைப் படம் பிடித்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். கோயிலுக்குள்ளே போய், பலிபீடத்துப் பக்கம் தரையைக் குனிந்து பார்க்கட்டும். இடிக்கப்பட்ட தொழுகைக் கூடத்தின் நினைவாக, ஆறு முனை தாவீது நட்சத்திரம் ஒன்று அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது.

(தொடரும்)