சாக்குச் சொல்லாத ஆசிரியர்: டால்ஸ்டாய் பண்ணை தரும் பாடம்

“பஸ் லேட், சார்.” “தம்பி நோட்ட கிழிச்சிட்டான், சார்.” ஜொகூரில் என் படிவம் இரண்டு வகுப்பில் தினமும் இப்படி நாலு சாக்காவது காதில் விழும். பொறுப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது? தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு வரலாறு இதற்கு வழி காட்டுகிறது.

1910இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக, காந்தியடிகளின் நண்பர் கல்லன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். போப் எழுதிய கையேட்டைப் பார்த்துத் தாம் கற்றிருந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு, காந்தியே அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிப்பிடத் துப்புரவு வரை எல்லாம் அங்கிருந்தவர்களே செய்தனர். பிள்ளைகள் சில நேரம் டிமிக்கி கொடுத்ததும் உண்டு. ஆனால், அங்கே ஒரு விதி இருந்தது: ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. எந்த வேலையிலும் ஓர் ஆசிரியர் கூடவே நின்றார்.

ஒருமுறை, அடங்காத ஒரு பையனைக் காந்தி ரூல்தடியால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடல் நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். “தப்பு அவன்மேல்தானே” என்று காந்தி சொல்லியிருக்கலாம். ஆனால், அடித்ததற்காக வருந்தி, அதைச் ‘சத்திய சோதனை’யில் தாமே எழுதிவைத்தார். பின்னர் பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கம் தவறியபோது, மாணவர் தவற்றில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்று கருதி 7 நாள் உண்ணாநோன்பு இருந்தார்.

நாம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நம் தவற்றை ஒப்புக்கொண்டால் போதும். ஒருமுறை கட்டுரை நோட்டுகளைத் திருத்தாமல் ஒரு வாரம் இழுத்தேன். “மீட்டிங் அதிகம்” என்றேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு! மறுநாள், “தப்பு என்னுடையது. புதன்கிழமை தந்துடுறேன்” என்றேன், சொன்னபடி தந்தேன். அடுத்த வாரம் ஒரு மாணவன் எழுந்து, “நான் எழுதல, சார். நாளைக்குக் கொண்டுவரேன்” என்றான். பஸ்ஸும் இல்லை, தம்பியும் இல்லை. மறுநாள் நோட்டு என் மேசைமேல் இருந்தது.

தேர்வெழுதும் மாணவர்களே, ‘பொறுப்புணர்வு’ பற்றிய கட்டுரையில் “பெற்றோரும் ஆசிரியரும் முன்மாதிரியாக இருக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். டால்ஸ்டாய் பண்ணையின் விதியைச் சான்றாகக் காட்டி விளக்குங்கள். கருத்துக்கு வலு கூடும். ஆசிரியர்களே, அந்த விதியை முதலில் நம் மேசையிலிருந்து தொடங்குவோம்.